மெழுகுக்குள் என் தம்பி

1

போன வாரம் ஊரிலிருந்து திரும்பும்போது, ஜெர்மனியில் விமானம் மாறுகிற இடத்தில், ஒரு பெண் அதிகாரி என் கைப்பையைச் சின்ன வெள்ளைத் துணியால் துடைத்தார். அந்தத் துணியை ஒரு பெட்டிக்குள் செருகினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பெட்டி கத்த ஆரம்பித்தது.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் லீனா நாலடி தள்ளிப்போய், யாரோ ஒரு கறுப்புப் பெண்மணிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினாள். பதினேழு வயது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

“உங்கள் பையில் வெடிமருந்தின் தடயம் இருக்கிறது. இது எங்கிருந்து வந்தது?” என்று அந்த அதிகாரி கேட்டார்.

இந்த நாட்டில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். கடவுச்சீட்டுகூட இந்த நாட்டுடையதுதான். ஆனால் சீருடை போட்ட ஒருவர் கேள்வி கேட்டால் என் ஜெர்மன் மொழி கழன்று விழுந்துவிடும். ஒரே ஒரு வரியில் பதில் சொன்னேன். பையைக் கவிழ்த்தார்கள், சாத்தூர் சேவுப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார்கள், யாருக்கோ தொலைபேசியில் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

அவருக்கு அந்த ஒரு வரி போதும். உங்களுக்குப் போதாது. அந்தத் தடயம் என் பைக்கு எப்படி வந்தது என்பதை ஊரில் இருக்கிற உங்களிடம்தான் முழுதாகச் சொல்ல முடியும்.

2

என் தம்பி ஜெபராஜ் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தான். எங்கள் வீடு ஏழாயிரம்பண்ணையில். அப்பாவும் அம்மாவும் போய்விட்ட பிறகு எனக்கென்று ஊரில் மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். வேலை முடிந்து வந்தால் அலுமினியப் பொடி படிந்து தலை முதல் கால் வரை வெள்ளியாக மின்னுவான். குளிப்பதற்கு முன்னால் எனக்கு வீடியோவில் பேசுவது அவனுக்கு ஒரு குஷி.

“அக்கா, நீ வெள்ளக்காரன் தேசத்துக்குப் போயி எம்புட்டு வருசமாச்சு, இன்னும் கருப்பாத்தான இருக்க? என்னயப் பாரு, இங்கன இருந்துக்கிட்டே எப்படி ஜொலிக்கிறேன்னு.”

அவன் மனைவி எஸ்தர் பின்னால் நின்று சிரிப்பாள். அவளும் அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். காலையில் இருவரும் ஒரே வேனில் போய், மாலையில் ஒரே வேனில் வருவார்கள்.

அந்த வீடியோ அழைப்புகள் ஒரு சமயம் குறைந்தன. கேட்டால் சீசன், ஆர்டர் நெருக்கடி என்றார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அது வழக்கம்தான் என்பதால் நானும் நம்பினேன். உண்மையில் அவனுக்கு ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, மேற்கொண்டு இறங்கவில்லை. அதைத் தொக்கம் என்று முடிவுகட்டினார்கள்.

தொக்கம் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தின்ற கறித்துண்டோ, சோற்றோடு போன முடியோ வயிற்றில் ஒட்டிக்கொண்டு செரிக்காமல் கிடக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதை எடுக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். வாசலில் போர்டே தொங்கும். வயிற்றை நீவிவிட்டு, ஒரு குழலை வைத்து உறிஞ்சி, இதோ பார் என்று உள்ளங்கையில் எடுத்துக் காட்டுவார்கள்.

“ஒரு வாட்டி கோழிக்கறித் துணுக்கு வந்துச்சு மைனி. இன்னொரு வாட்டி பரோட்டா. எடுத்த அன்னைக்கு நல்லா ரெண்டு இட்லி சாப்பிட்டாக. அதான் திரும்பத் திரும்பக் கூட்டிட்டுப் போனேன்,” என்று எஸ்தர் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது அங்கேயே இருந்தது. கடைசியில் கறுப்பாக வாந்தி எடுத்த பிறகுதான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்து பார்த்து, சோதனைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, அப்படியே மூடிவிட்டார்கள்.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். நான் என்ன வேலை பார்க்கிறேன் தெரியுமா? வயிற்றுப் புற்றுநோய் எப்படி வளர்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாக அதே வேலை. உலகத்தில் அவன் முதலில் சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான். ஏன்டி என்னிடம் மறைத்தீர்கள் என்று எஸ்தரிடம் தொலைபேசியில் கத்தினேன்.

“மத்தவுகளுக்கு அது வெறும் பேரு மைனி. உங்களுக்குத்தான் அது என்னன்னு தெரியும். தெரிஞ்சவுககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவுகதான் வேண்டாம்னுட்டாக.”

அடுத்த விமானத்தில் போய்ப் பார்த்தேன். கைகாலெல்லாம் குச்சியாக இருந்தான். மினுமினுப்பு எல்லாம் கழுவிப்போயிருந்தது. இருந்த விடுமுறை முழுக்க அவன் கட்டில் பக்கத்தில் இருந்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பி வந்தேன்.

3

திரும்பி வந்த பிறகு அவனே ஒரு நாள் கூப்பிட்டான்.

“அக்கா, நீ அங்கன என்னதான் வேலை பாக்க? கல்யாண வீட்ல யாராச்சும் கேட்டா, வயித்துல ஆராய்ச்சின்னு சொல்லித் தப்பிச்சுக்கிடுவேன். இப்ப என் வயித்துலயே வந்துருச்சு. இப்பவாச்சும் சொல்லு.”

சொன்னேன். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் ஆர்டர் போய்க்கொண்டே இருக்கும். இதைச் செய், இவ்வளவு செய் என்று. அந்த ஆர்டர் தாளின்மேல் போய் ஒட்டிக்கொண்டு, போதும் நிறுத்து என்று சொல்கிற துணுக்குகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருபத்துச் சொச்சம் எழுத்து நீளம்தான். அவ்வளவு சின்னது என்பதாலேயே ரொம்ப காலம் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. வயிற்றுப் புற்றில் இவற்றில் சில அளவுக்கு மீறிக் கூடிவிடும். கூடிய துணுக்குகள், வளர்ச்சியைத் தடுக்க வேண்டிய ஆர்டர்களைப் போய் அமுக்கிவிடும். வேறு சில துணுக்குகள் குறைந்துபோகும். அவை அமுக்கியிருக்க வேண்டிய வளர்ச்சி ஆர்டர்கள் கேட்பாரில்லாமல் ஓடும். செல் பெருகும், சாக வேண்டிய நேரத்தில் சாகாது, பக்கத்துச் சதைக்குள் நுழையும், தனக்கென்று ரத்தக் குழாயையும் இழுத்துக்கொள்ளும்.

அவன் அதைத் தன் தொழில் பாஷையில் திருப்பிச் சொன்னான்.

“அப்ப போதும்ங்கிற போர்மேன் லீவு போட்டுட்டான். நல்லதத் தடுக்கிற போர்மேன் ஓவர்டைம் பாக்கான். அம்புட்டுத்தான?”

“அம்புட்டுத்தான்லே.”

“இதக் கண்டுபிடிக்கவா அங்கன வரைக்கும் போன?” என்று சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்து, நெடுநேரம் நிற்கவில்லை. பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். எடுத்த துண்டை மெழுகுக் கட்டிக்குள் வைத்து ஆஸ்பத்திரியில் அவன் கையிலேயே கொடுத்திருந்தார்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள், வேறு டாக்டரிடம் காட்டுவதென்றால் எடுத்துப் போகலாம்.

“எங்க தொழில்ல ஒரு ரூம் வெடிச்சுச்சுன்னு வையி. மிச்சம் கிடக்கிற மருந்த சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவாக. எந்தக் கலவைல தப்புன்னு அவுக சொல்லிருவாக. என்னயும் அப்படிப் பாத்துச் சொல்லுக்கா. இது மருந்துத் தூசியால வந்ததா, இல்ல தானா வந்ததா?”

“ஜெபா, அது வேற கேள்விலே. நான் பாக்கிறது அது எப்படி வளருதுங்கிறத. எதனால வந்துச்சுன்னு அந்தத் துணுக்கு சொல்லாது. வயித்துல இருக்கிற கிருமி, உப்பு, புகை, வம்சம்னு ஆயிரம் காரணம் இருக்கு.”

“பாக்காமலே சொல்லாத. பாத்துட்டுச் சொல்லு.”

“தெரிஞ்சு என்னலே செய்யப் போற?”

“நான் செய்றதுக்கு ஒண்ணும் இல்ல. எஸ்தர் இருக்கால்ல. நான் சுவாசிச்சத அவளும் பதினாறு வருசமா சுவாசிச்சிருக்கா. தூசின்னா அவ இனிமே அந்தப் பக்கம் போகக் கூடாது. நீ சொல்ற வரைக்கும் வேன்ல ஏற மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்.”

இப்போது புரிகிறதல்லவா? அவன் என்னிடம் உயிரைக் கேட்கவில்லை. மருந்து இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எஸ்தர் திரும்ப வேலைக்குப் போகலாமா, கூடாதா என்பதை மட்டும் கேட்டான். அந்தப் பதிலை என் தலையில் கட்டினான்.

4

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துப் பெண் கார்த்திகா, இங்கே படிக்க வந்தவள். ஒவ்வொரு வருடமும் விடுமுறைக்குப் போய் வரும்போது எனக்குப் புது தினக் காலண்டர் கொண்டுவருவாள். அந்த வருடம் அவளிடம் ஜெபராஜ் ஒரு அட்டைப்பெட்டியும் சேர்த்துக் கொடுத்தனுப்பினான். என்ன பெட்டி என்கிறீர்கள்? புஸ்வாணப் பெட்டி! மேலே படம் போட்டு, தங்க எழுத்தில் கம்பெனி பெயர் அச்சடித்த பெட்டி. வீட்டில் கிடந்ததிலேயே உறுதியான பெட்டி அதுதானாம். மெழுகுக் கட்டியைப் பஞ்சில் சுற்றி அடியில் வைத்து, சந்தேகம் வராமல் இருக்க மேலே சேவைக் கொட்டியிருக்கிறான். பட்டாசுக்காரனைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு யோசனை வரும்?

இதே மாதிரி விமானம் மாறுகிற இடத்தில்தான் அவளையும் நிறுத்தினார்கள். இதே மாதிரி வெள்ளைத் துணி. இதே கத்தல். எனக்குப் போன் செய்து அழுதாள்.

“அக்கா, உள்ள என்ன இருக்குன்னு கேக்காங்க. சேவுன்னேன். சேவுக்கு அடியில ஏதோ மெழுகு இருக்கே. இது என்னக்கா?”

போனை அதிகாரியிடம் கொடு என்றேன். அது என் தம்பியின் வயிற்றுத் திசு, மருத்துவச் சோதனைக்காக வருகிறது என்று சொல்ல வேண்டும். வார்த்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும், தினமும் புழங்குகிற வார்த்தைகள்தான். பதற்றத்தில் பாதியை விழுங்கிவிட்டு, “அந்தப் பெட்டிக்குள் என் தம்பி இருக்கிறான்” என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு நான் அழ ஆரம்பித்தேன், அந்த மனிதர் பாவம், ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகக் கேட்டு விளங்கிக்கொண்டார். கார்த்திகா அடுத்த விமானத்தில் வந்தாள். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, இனிமேல் காலண்டர் மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள்.

கட்டி என்றால் தீப்பெட்டியில் பாதி அளவு. வெள்ளை மெழுகு. நடுவில் பழுப்பாக, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு துணுக்கு. அதுதான் என் தம்பியின் வயிறு.

எங்கள் ஆய்வகத் தலைவர் நல்ல மனிதர். கதையைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது என்றார். அது சரிதான், வேறு யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டேன். சொந்தக்காரருடைய மாதிரியை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில் சம்மதப் பத்திரம் வேண்டும் என்றார்கள். தமிழில் எழுதினேன். அதை உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்தான் எழுத வேண்டும் என்றார்கள். அவர் எழுதியதைப் படித்தால் எனக்கே புரியவில்லை. கட்டியின் மேல் பெயர் இருக்கக் கூடாது என்று அதையும் அழித்து ஒரு எண் ஒட்டினார்கள்.

ஜெபராஜ் வாரா வாரம் கேட்டான், “ரிசல்ட் வந்துருச்சாக்கா?” நான் அனுமதி வரவில்லை என்பேன். “நம்ம ஊர் லைசென்ஸ் ஆபீஸ் மாதிரி அங்கனயும் உண்டா?” என்பான். அந்தக் குரல் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்தது.

5

சித்திரை வெயிலில் அவன் போய்விட்டான். இங்கே அன்று ஆலங்கட்டி மழை. அடக்கத்துக்குள் போய்ச் சேர விமானம் கிடைக்கவில்லை. அடக்கத்தைக் கைபேசியில் பார்த்தேன். யாரோ ஒருவர் கையில் பிடித்திருந்த கைபேசி ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு சமயம் வானம், ஒரு சமயம் செருப்புகள், ஒரு சமயம் மண். ஞானப்பாட்டுச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. லீனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மாமா எந்தப் பக்கம் இருக்கிறார் என்று ஜெர்மனில் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

எஸ்தர் சத்தியத்தைக் காப்பாற்றினாள். வேனில் ஏறவில்லை. வீட்டிலிருந்தே காலண்டர் அட்டை ஒட்டினாள். சீசன் முடிந்தால் அதுவும் இல்லை. அவர்கள் மகள் பிரிசில்லா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நான் மாதா மாதம் அனுப்பினேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் “இந்த மாசமும் உங்களுக்குச் செலவு மைனி” என்று சொல்லாமல் இருக்க மாட்டாள்.

சம்மதம் கொடுக்க வேண்டியவன் இறந்துவிட்டதால், மனைவி கையெழுத்துப் போட வேண்டும் என்று குழு சொன்னது. அவளிடம் சொன்னேன்.

“மைனி, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தத் துண்டு உங்ககிட்டதான இருக்கு?”

“இருக்கு எஸ்தர்.”

“வருச ஜெபத்தப்ப கல்லறை கட்டப் போறோம். அதுக்கு முன்ன அதையும் கொண்டாந்து அவுககூட வச்சிரணும். பாஸ்டர்கிட்ட கேட்டேன், ஆண்டவருக்கு அதெல்லாம் கணக்கில்ல, முழு உடம்போடதான் எழுப்புவாருன்னாரு. அவருக்கு இல்ல, எனக்குக் கணக்கு. அவுக உடம்புல ஒரு துண்டு அந்நிய தேசத்துல கிடக்குன்னு நினைச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.”

“சோதனை பண்ணா அதுல கொஞ்சம் செலவாயிரும், எஸ்தர். சீவி எடுக்கணும்.”

அவள் அழுததை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அடக்கத்தன்றுகூட அவள் அழுது கேட்கவில்லை.

“அவுக கேட்டது அதுதான. சரி. கொஞ்சமா எடுத்துக்கிடுங்க மைனி. மிச்சத்தக் கொண்டாந்துருங்க.”

6

சொந்தக்காரி என்பதால் கட்டியைச் சீவ என்னை விடவில்லை. சக ஆய்வாளர் ஒருவர் சீவினார், நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். வாழைத்தண்டின் நாரைவிட மெல்லிசாக ஒவ்வொரு சீவலும் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்தது. கொஞ்சமாக எடுங்கள், கொஞ்சமாக எடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். தமிழில் சொன்னேன் என்று பிறகுதான் தெரிந்தது.

மெழுகிலும் மருந்துத் தண்ணீரிலும் ஊறிக் கிடந்தால் மற்ற பெரிய சங்கதிகள் எல்லாம் துண்டு துண்டாகிவிடும். மைக்ரோ ஆர்.என்.ஏ. மட்டும் சின்னதாக இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஜெபராஜ் மண்ணுக்குள் போய் மாதங்கள் ஆகியும் அவனுடைய அந்தத் துணுக்குகள் எங்கள் கருவிக்குள் ஓடி, திரையில் சிவப்பும் நீலமுமாக வந்து நின்றன.

வயிற்றுப் புற்றில் கூடுகிறவை கூடியிருந்தன. குறைகிறவை குறைந்திருந்தன. அவன் சொன்னதுபோல் ஒரு போர்மேன் லீவு, ஒரு போர்மேன் ஓவர்டைம். நான் இத்தனை வருடம் பார்த்த மற்ற வயிறுகளின் படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தேன். அதிலிருந்து ஒரு வித்தியாசமும் இல்லை. மீன்பிடிக்கிறவர், பேருந்து ஓட்டுகிறவர், ரொட்டி சுடுகிறவர், எல்லாருக்கும் இதே சிவப்பு, இதே நீலம். அவன் பதினாறு வருடம் வெள்ளியாக மின்னியதற்கு அந்தத் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. இருக்காது என்று எனக்கு முன்னமே தெரியும். தெரிந்தும், ஒருவேளை இருக்குமோ என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

தலைவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “மிக அழகான முடிவு. இவ்வளவு சுத்தமாக வருவது அபூர்வம்,” என்றார். சொன்ன மறுகணமே முகம் வெளிறி மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வேறு யாருடைய வயிறாக இருந்தாலும் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

7

போன மாதம் அவனுடைய முதல் வருட நினைவு ஜெபத்துக்கு லீனாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். தன் அத்தையைப் பார்த்ததும் அவள் “நீ எப்படி இருக்க?” என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் எல்லாரும் ‘நீ’தான். எஸ்தர் சிரித்துக்கொண்டே, “நல்லா இருக்கேன்த்தா. நீங்க நல்லா இருக்கீகளா?” என்று மருமகளுக்கு மரியாதை கொடுத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் கொத்தனார் தலைமாட்டில் ஒரு கை ஆழம் தோண்டிக் கொடுத்தார். எஸ்தர் கட்டியை ஒரு புதுக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். அதில் சீவிய பக்கம் வழுவழுப்பாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள்.

“சொன்ன மாதிரி கொஞ்சமாத்தான் எடுத்திருக்கீக.”

மண்ணைத் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, மண்டியிட்டபடியே என்னைப் பார்த்தாள்.

“என்ன தெரிஞ்சது மைனி?”

விமானத்தில் வரும்போது இதற்கு எத்தனையோ விதமாகப் பதில் யோசித்திருந்தேன். கடைசியில் உள்ளதைத்தான் சொன்னேன்.

“அது எப்படி வளந்துச்சுன்னு தெரிஞ்சது. எதனால வந்துச்சுன்னு தெரியல எஸ்தர்.”

“அப்ப தூசி இல்ல?”

“இல்லன்னும் சொல்ல முடியாது.”

“ஆமான்னும் சொல்ல முடியாது.”

“முடியாது.”

தலையை ஆட்டினாள். என்னமோ பாரம் இறங்கியதுபோல் ஒரு பெருமூச்சு விட்டாள். அதுதான் என்னை இன்னும் கொல்கிறது.

“உங்க வாயால தூசின்னு வந்தாத்தான் போகக் கூடாதுன்னாக. வரல. அப்ப திங்கக்கிழமை நான் வேன்ல ஏறிருறேன் மைனி. தீவாளி ஆர்டர் ஆரம்பிச்சிட்டாக. பிரிசில்லாவக் காலேஜ்ல சேக்கணும்.”

“நான்தான் அனுப்புறேன்ல? நீ ஏன் போகணும்?”

“ஒரு வருசமா நீங்கதான் சோறு போட்டீக. மறக்க மாட்டேன். ஆனா எம்புட்டு நாளைக்கு உங்க கையப் பாத்துட்டே இருக்க முடியும்? அவுக இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பாகளா?”

திரும்பி நடக்கும்போது லீனா என் முழங்கையைப் பிடித்தாள். நாங்கள் பேசியது அவளுக்கு முக்கால்வாசி புரிந்திருக்கிறது. ஜெர்மனில் கேட்டாள், “தூசிதான் என்று சொல்லியிருந்தால் அத்தை வேலைக்குப் போக மாட்டார் இல்லையா? ஏன் சொல்லவில்லை?”

“தெரியாததை எப்படிச் சொல்வது?”

“நீ ஆய்வகத்திலா இருந்தாய், அம்மா? அத்தையின் முன்னால் அல்லவா நின்றாய்?”

திங்கட்கிழமை வேன் வந்தது. எஸ்தர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கோடு ஏறினாள். உள்ளே இருந்த பெண்கள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். மாலையில் திரும்பி வந்தபோது விரல் நுனியெல்லாம் சாம்பல் நிறம். மறுநாள் எனக்கு விமானம். குளிக்கப் போகிற வழியில், “மைனி, சேவ மறந்துட்டீக பாருங்க” என்று தானே என் கைப்பையைத் திறந்து, பொட்டலத்தை உள்ளே அழுத்தி வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

அந்தப் பையைத்தான் அதிகாரி துடைத்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். “என் தம்பி மனைவியின் கையிலிருந்து” என்று சொன்னேன். தம்பி கேட்ட கேள்விக்கு என் ஆய்வகத்தில் இருக்கும் விலையுயர்ந்த கருவிகள் எல்லாம் சேர்ந்தும் சொல்லாத பதிலை, ஒரு துணித் துண்டு சொல்லிவிட்டது போலத் தோன்றியது. சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அது பையைப் பற்றித்தான் சொன்னது, வயிற்றைப் பற்றி அல்ல. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்த வித்தியாசம் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

பையைத் திருப்பிக் கொடுத்ததும், அங்கேயே ஓரமாக நின்று எஸ்தருக்குப் போன் போட்டேன். லீனா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். தூசிதான் எஸ்தர், போகாதே, இப்போதுதான் தெரிந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று வாயில் வைத்திருந்தேன். இங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அங்கே ஒன்பதரை.

பிரிசில்லாதான் எடுத்தாள்.

“அம்மா அப்பவே வேன் ஏறிட்டாக அத்தை. கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாதுல்ல, அதான் வீட்லயே வச்சிட்டுப் போயிருக்காக. ஏதும் சொல்லணுமா?”

“ஒண்ணுமில்லடா. நாங்க நல்லபடியா வந்து சேந்துட்டோம்னு சொல்லு,” என்றேன்.